ஜெர்சித் தீவும் டிரஸ்ட் வழக்கறிஞர்களும்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

வெளிநாட்டில் சொத்து சேர்த்த உறவினர்களைப் பற்றி எழுதும் வாசகர்களின் கடிதங்களில் ஜெர்சி என்ற தீவின் பெயர் அண்மைக் காலமாக அடிக்கடி வருகிறது. அங்குள்ள சட்ட நிறுவனங்களைப் பற்றியும், அவை அமைத்துத் தரும் டிரஸ்டுகளையும் கம்பெனிகளையும் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் ஒன்றாக விடையளிக்கிறோம். இங்கே டிரஸ்ட் என்று எழுதும்போது தருமக் காரியங்களுக்கான அறக்கட்டளையைக் குறிப்பிடவில்லை. ஒருவர் தம் குடும்பத்தாரின் நன்மைக்காகத் தம் சொத்தை டிரஸ்டி எனப்படும் இன்னொருவரிடம் சட்டப்படி ஒப்படைத்துவிடும் ஏற்பாட்டையே குறிப்பிடுகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: ஜெர்சி இங்கிலாந்தின் ஒரு பகுதிதானே? அவ்வளவு சிறிய தீவுக்குத் தனிச் சட்டமும் தனி வழக்கறிஞர்களும் எப்படி வந்தார்கள்?

ஜெர்சி பிரிட்டிஷ் மன்னருக்கு உட்பட்டது. ஆனால் ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அன்று. பிரான்சின் நார்மண்டிக் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 120 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த தீவு அது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 103,267 பேர் வாழ்ந்தார்கள். நம் ஊர்ப் பால்பண்ணைகளில் காணும் ஜெர்சி கலப்பினப் பசுவின் மூதாதை இந்தத் தீவிலிருந்து வந்ததுதான்.

1204இல் இங்கிலாந்து மன்னர் ஜான், நார்மண்டி பெருநிலத்தைப் பிரெஞ்சு மன்னரிடம் இழந்தார். தீவோ ஆங்கில மன்னரின் பக்கமே நின்றது; தன் பழைய வழக்காறுகளையும் தன் நீதிமன்றத்தையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் உரிமையையும் பெற்றது. இன்றைக்கும் அங்கு தனிச் சட்டமன்றமும் தனி வரிச் சட்டமும் இருக்கின்றன. பாதுகாப்பையும் வெளியுறவையும் மட்டும் லண்டன் பார்த்துக்கொள்கிறது. நிலம், வாரிசுரிமை போன்றவற்றில் நார்மண்டி வழக்காற்றுச் சட்டத்தின் வேர்கள் இன்னும் உயிருடன் உள்ளன. அங்கு ஒரு வீடு கைமாறும்போது, வெள்ளிக்கிழமை பிற்பகலில் வாங்குபவரும் விற்பவரும், அல்லது அவர்களுக்காக அதிகாரம் பெற்றவர்களும், ராயல் கோர்ட் எனப்படும் தீவின் உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வலது கையை உயர்த்தி, அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக நீதிபதிகள் முன் சத்தியம் செய்கிறார்கள். அந்தப் பத்திரங்கள் 2006 வரை பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டன. இப்படிப்பட்ட சட்டத்தை லண்டன் வழக்கறிஞர் ஒருவர் வந்து நடத்திவிட முடியாது என்பதால், தீவுக்கென்றே பயின்ற வழக்கறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறார்கள்.

நிதித் தொழில் பிற்பாடு வந்தது. வட்டி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1771ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இருந்த விதி 1962இல் நீக்கப்பட்டதும் லண்டன் வங்கிகள் தீவுக்கு வரத் தொடங்கின. 1940 முதல் மாறாமல் 20 சதவீதத்தில் நிற்கும் வருமான வரியும் அவற்றை ஈர்த்தது. 1984இல் இயற்றப்பட்ட டிரஸ்ட் சட்டம்தான் இன்றைய தொழிலுக்கு அடித்தளம்.

பட்டயக் கணக்காளர், கோயம்புத்தூர்: இந்தச் சட்ட நிறுவனங்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன? டிரஸ்டி என்பதும் அவர்களேதானா?

மொராண்ட், ஓஜியர், கேரி ஓல்சன், பெடெல் கிறிஸ்டின் ஆகியவை அங்குள்ள பெரிய பெயர்கள். பெர்முடாவில் தொடங்கிய ஆப்பிள்பியும் கேமன் தீவில் தொடங்கிய வாக்கர்ஸும் அங்கு அலுவலகம் வைத்திருக்கின்றன. தலைநகர் செயின்ட் ஹீலியரில் நடந்தே போய்வரக்கூடிய தூரத்துக்குள் இவை எல்லாம் அமைந்துள்ளன.

வேலையில் ஒரு பாதி கம்பெனிச் சட்டம். லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கிளென்கோர், எக்ஸ்பீரியன், டபிள்யூபிபி ஆகிய பெரும் நிறுவனங்களின் தாய்க் கம்பெனிகள் 1991ஆம் ஆண்டு ஜெர்சி கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அப்படிப்பட்ட கம்பெனி இன்னொன்றோடு இணைந்தாலும், பங்கு மூலதனத்தைக் குறைத்தாலும், கடனுக்கு ஈடு கொடுத்தாலும், அது ஜெர்சிச் சட்டப்படி செல்லும் என்று எழுத்து மூலம் கருத்துரை வழங்க ஜெர்சி வழக்கறிஞர் தேவைப்படுகிறார். லண்டனின் அலுவலகக் கட்டிடங்கள் பலவும், முதலீட்டாளர்கள் பங்குபோட்டுக் கட்டிடங்களை வைத்திருக்கும் ஜெர்சிச் சொத்து யூனிட் டிரஸ்டுகளின் பெயரில் உள்ளன. இந்த வேலைகளில் மர்மம் ஒன்றும் இல்லை. தவறாமல் செய்ய வேண்டிய கடினமான எழுத்து வேலை.

மறு பாதிதான் டிரஸ்ட். உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு விடை கவனமாகச் சொல்ல வேண்டியது. முன்பு சட்ட நிறுவனமே டிரஸ்டிக் கம்பெனியையும் தனக்கு உட்பட்டதாக நடத்தி வந்தது. ஆலோசனை சொல்பவரும் சொத்தை நிர்வகிப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். பிறகு அந்த டிரஸ்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. மொராண்டின் நிர்வாகப் பிரிவை 2010இல் அமெரிக்காவின் ஸ்டேட் ஸ்ட்ரீட் வாங்கியது. ஓஜியரின் பிரிவு 2014இல் விற்கப்பட்டு எலியன் என்று பெயர் மாறி, 2016இல் இன்டர்டிரஸ்டிடம் போனது. பெடெல் டிரஸ்ட் ஓகோரியன் ஆயிற்று. ஆப்பிள்பியின் பிரிவு எஸ்டெரா ஆயிற்று. வாங்கியவர்களில் முதலீட்டு நிதியங்கள் அதிகம். குடும்பங்களின் மூன்று தலைமுறைச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, சில ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றுவிடும் நோக்கோடு வருகின்ற முதலீட்டாளர் கைக்குப் போவது எனக்கு உவப்பாக இல்லை. பிற்பாடு சில சட்ட நிறுவனங்கள் நிர்வாகப் பிரிவுகளைத் தம்மிடமே மீண்டும் உருவாக்கிக்கொண்டும் விட்டன.

ஆகவே உங்கள் வாடிக்கையாளர் ஜெர்சிக்குப் போவதென்றால், ஆலோசனை தரும் வழக்கறிஞருக்கும் டிரஸ்டிக் கம்பெனிக்கும் உடைமை உறவு ஏதும் உண்டா, டிரஸ்டியின் கட்டணத்தைச் சரிபார்க்கப்போவது யார் என்ற இரண்டையும் முதல் கடிதத்திலேயே கேட்டு எழுத்தில் விடை பெறச் சொல்லுங்கள். தொழில்முறை டிரஸ்டியாக இயங்க 1998ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்கீழ் ஜெர்சி நிதிச் சேவை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

இல்லத்தரசி, திருச்சி: லண்டனில் கடைகள் நடத்தும் என் அண்ணனிடம் ஓர் இடைத்தரகர், “சொத்தை ஜெர்சி டிரஸ்டில் போட்டுவிடுங்கள், பேருக்குத்தான் அது டிரஸ்டியிடம் இருக்கும், ஒரு ஃபோன் போட்டால் நீங்கள் சொன்னபடி நடக்கும்” என்று சொல்லியிருக்கிறார். கடன்காரர்களோ வேறு எவருமோ தொட முடியாதாம். நம்பலாமா?

நம்ப வேண்டாம், அம்மா. அந்த இடைத்தரகர் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு வாக்குறுதிகளும் ஒன்றையொன்று அழிப்பவை. எவரும் தொட முடியாத பாதுகாப்பு வேண்டுமென்றால் சொத்தை மெய்யாகவே கைவிட வேண்டும். கைவிடாமல் ஃபோனில் ஆள்வதென்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஜெர்சி நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

1991இல் தீர்ப்பான ரஹ்மான் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வந்தர் ஒருவர் ஜெர்சியில் ஒரு வங்கியின் டிரஸ்டிக் கம்பெனியிடம் தம் சொத்தை ஒப்படைத்து டிரஸ்ட் பத்திரம் எழுதினார். பத்திரத்தில் தமக்கென்று பரந்த அதிகாரங்களை வைத்துக்கொண்டார். அவர் உயிரோடு இருந்தவரை முதலீட்டை அவரே தீர்மானித்தார். பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். டிரஸ்டி அதை நிறைவேற்றும் ஏவலாளாகவே இருந்தது. அவர் இறந்தபின் அவருடைய மனைவி, இது டிரஸ்டே அன்று, சொத்து என் கணவருடையதாகவே இருந்தது என்று வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கொடுத்துவிட்டுத் தன்னிடமே வைத்துக்கொள்வது செல்லாது என்ற பழைய நார்மண்டி விதி ஒரு காரணம். டிரஸ்ட் என்ற தோற்றத்துக்குப் பின்னால் டிரஸ்ட் இல்லை, அது போலி என்பது மற்றொரு காரணம். பழைய விதியை இன்றைய டிரஸ்ட் சட்டம் விலக்கிவிட்டது; ஆனால் போலி டிரஸ்ட் செல்லாது என்ற காரணம் அப்படியே நிற்கிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 2003இல் அதே ராயல் கோர்ட் தீர்ப்பளித்த எஸ்டீம் வழக்கு. குவைத்துக்குச் சொந்தமான ஸ்பெயின் நிறுவனம் ஒன்றிலிருந்து பணத்தைக் கையாடியதாக இங்கிலாந்து நீதிமன்றத்தில் பொறுப்பாக்கப்பட்டவர் ஒருவர், அதற்கு முன்பே ஜெர்சியில் டிரஸ்ட் வைத்திருந்தார். அவர் கேட்டதையெல்லாம் டிரஸ்டி பெரும்பாலும் கொடுத்துவந்தது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு கோரிக்கையும் வந்தபோது டிரஸ்டி அதைத் தனியாக ஆராய்ந்து, நியாயமானதுதான் என்று முடிவு செய்த பிறகே கொடுத்தது என்பதை நீதிமன்றம் சான்றுகளிலிருந்து கண்டது. போலி என்று சொல்ல வேண்டுமானால் கொடுத்தவர், டிரஸ்டி ஆகிய இருவருக்குமே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்றும் கூறி, டிரஸ்ட் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஏமாற்றப்பட்ட நிறுவனத்தின் பார்வையில் இது கசப்பான முடிவு. எனக்கும் அதில் மனநிறைவு இல்லை. ஆயினும் இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு எங்கே என்பது புலப்படும். ஒன்றில் டிரஸ்டி யோசிக்கவே இல்லை. மற்றொன்றில் யோசித்தது, யோசித்ததற்கு எழுத்துச் சான்றும் இருந்தது.

அந்தச் சான்று எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். உங்கள் அண்ணன், மகளின் படிப்புக்காக ஒரு தொகை வேண்டும் என்று டிரஸ்டிக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முறையான டிரஸ்டி உடனே பணம் அனுப்பாது. எந்தக் கல்லூரி, கட்டணம் எவ்வளவு, மற்றப் பயனாளிகளுக்கு இதனால் குறைவு வருமா, மகள் வசிக்கும் நாட்டில் இதற்கு வரி உண்டா என்று கேட்கும். இயக்குநர்கள் கூடி இவற்றைப் பேசி முடிவெடுத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பின்னரே பணம் போகும். இந்தத் தாமதம் அண்ணனுக்கு எரிச்சலாக இருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் வழக்கு வந்தால் சொத்தைக் காப்பாற்றப்போவது அந்தக் குறிப்பேடுதான்.

சட்டம் அனுமதிக்கும் பிடிமானமும் உண்டு. 2006ஆம் ஆண்டுத் திருத்தம், டிரஸ்டை ஏற்படுத்துபவர் சில அதிகாரங்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்று இடம் தந்தது: முதலீடு பற்றி ஆணையிடுவது, டிரஸ்டியை மாற்றுவது, பத்திர விதிகளைத் திருத்துவது போன்றவை. டிரஸ்டியின் சில முடிவுகளுக்கு இசைவு தர வேண்டிய காப்பாளர் ஒருவரையும் நியமிக்கலாம். தம் எண்ணங்களை விருப்பக் கடிதமாக எழுதி வைக்கலாம்; டிரஸ்டி அதை மதித்துப் படிக்கும், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டதன்று. அனுமதிக்கப்பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வது நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா அதிகாரமும் அண்ணனிடமே குவிந்தால், அவர் வசிக்கும் இங்கிலாந்தில் கடன்காரரோ வரித் துறையோ, இது அவர் சொத்தேதான் என்று வாதாட எளிதாகிவிடும். மணமுறிவு வழக்குகளில் ஆங்கிலக் குடும்ப நீதிமன்றம், இவர் கேட்டால் டிரஸ்டி கொடுத்துவிடுமா என்றுதான் பார்க்கிறது. வெளிநாட்டு வாரிசுச் சட்டமும் மணமுறிவு ஆணைகளும் தீவின் டிரஸ்டை அசைக்க முடியாது என்று ஜெர்சிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு ஜெர்சி நீதிமன்றத்தைத்தான் கட்டுப்படுத்தும். லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணனை லண்டன் நீதிமன்றத்திடமிருந்து காப்பாற்றாது.

அந்த இடைத்தரகரை விட்டுவிட்டு, ஜெர்சி வழக்கறிஞர் ஒருவரிடமும், அவருக்குத் தொடர்பில்லாத இங்கிலாந்து வரி ஆலோசகர் ஒருவரிடமும் தனித்தனியாகக் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கனவே கடன் நெருக்கடியில் இருந்துகொண்டு, கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்காமல் செய்வதற்காகச் சொத்தை மாற்றினால், அந்த மாற்றத்தை ரத்துச் செய்யும் வழி ஜெர்சியிலும் உண்டு என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

வாசகர், ஈரோடு: ஜெர்சி டிரஸ்டில் பணம் போட்டு, அதே டிரஸ்ட் பெயரில் ஜெர்சியிலேயே ஒரு வீடும் வாங்கலாமா?

முடியாது. தீவில் உள்ள நிலமோ வீடோ நேரடியாக டிரஸ்டின் சொத்தாக இருப்பதை 1984ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாததாக்குகிறது. உலகத்தின் சொத்துகளுக்கு டிரஸ்ட் எழுதித் தரும் தீவு, தன் மண்ணைப் பழைய வழக்காற்றுக்கே விட்டுவைத்திருக்கிறது.

வங்கி அலுவலர், சேலம்: டிரஸ்டி தவறு செய்தாலோ பணத்தை வீணடித்தாலோ பயனாளிகளுக்கு என்ன வழி? கடல் கடந்து போய் வழக்காட முடியுமா?

டிரஸ்டி விவேகமுள்ளவராக, தம் திறமை முழுவதையும் காட்டி, முழு நேர்மையோடு நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை மீறி நட்டம் வந்தால் ஈடு செய்ய வேண்டும். சாதாரணக் கவனக்குறைவுக்குப் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் எழுதி டிரஸ்டி தப்பித்துக்கொள்ளலாம். பெரும்பாலான பத்திரங்களில் அப்படி ஒரு பிரிவு இருக்கும், கையெழுத்திடும் முன் அதைத் தேடிப் படியுங்கள். ஆனால் மோசடி, வேண்டுமென்றே செய்த தவறு, கடும் கவனக்குறைவு ஆகிய மூன்றிலிருந்தும் எந்தப் பிரிவாலும் விலக்குப் பெற முடியாது.

பயனாளிகள் டிரஸ்டின் கணக்கைக் கேட்கலாம்; டிரஸ்டி மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். டிரஸ்டியும் தனக்குச் சிக்கலான முடிவு வந்தால் 51ஆம் பிரிவின்கீழ் ராயல் கோர்ட்டிடம் வழிகாட்டல் கேட்கலாம். குடும்பத் தொழிலை விற்பது போன்ற பெரிய முடிவுகளுக்கு முன்கூட்டியே நீதிமன்ற இசைவைப் பெற்றுக்கொள்வது அங்கு வழக்கம். இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் மூடிய அறையில் விசாரிக்கப்படுகின்றன. தீர்ப்பு வெளியாகும்போது பெயர்கள் மறைக்கப்பட்டு ‘இசட் டிரஸ்டுகள்’ என்பது போல எழுத்துகளாக வரும். அந்த இசட் டிரஸ்டுகள் பற்றிய வழக்கில்தான், கடன் சொத்தைவிட அதிகமான டிரஸ்டில் பழைய டிரஸ்டி தனக்கு வர வேண்டியதை மற்ற டிரஸ்டிகளுக்கு முன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது, அவரவர்க்கு உரிய விகிதப்படியே பகிர வேண்டும் என்று 2022இல் லண்டன் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது.

ஆம், அதே பிரிவி கவுன்சில்தான். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 1949 வரை மேல்முறையீடுகள் போன அந்த அமைப்பே ஜெர்சிக்கு இன்றும் இறுதி மேல்முறையீட்டு மன்றம். செலவைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும்: சிறிய டிரஸ்டின் பயனாளிக்கு இந்த வழி மிகக் கடினமானது. வழக்கின் செலவு பல வேளைகளில் டிரஸ்டின் சொத்திலிருந்தே போவதால், வென்றவரும் குறைந்த சொத்தையே பெறுகிறார்.

கல்லூரி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்: இவையெல்லாம் கள்ளப் பணத்தைப் பதுக்கும் இடங்கள் என்றுதான் செய்திகளில் படிக்கிறோம். இந்த வழக்கறிஞர்களை நீங்கள் நல்லவர்களாகவே காட்டுகிறீர்களே?

உங்கள் கேள்வி நியாயமானது. ஒரு சொல்லில் விடை சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

2017 நவம்பரில் கசிந்து வெளியான ‘பாரடைஸ் பேப்பர்ஸ்’ ஆவணங்களில் பெரும்பகுதி ஆப்பிள்பி நிறுவனத்திலிருந்து வந்தவை. அயர்லாந்தில் வரி விதிகள் இறுகியபோது ஆப்பிள் நிறுவனத்தின் அயர்லாந்துக் கிளைக் கம்பெனிகள் வரிக்கான இருப்பிடத்தை ஜெர்சிக்கு மாற்றிக்கொண்டதை அவை காட்டின. இதனால் எந்த நாட்டிலும் வரி குறையவில்லை என்று ஆப்பிள் சொன்னது. தாங்கள் சட்டத்தை மீறவில்லை என்று ஆப்பிள்பி சொன்னது. சட்ட மீறல் இல்லாமல் இருக்கலாம். ஜெர்சியில் பொதுவான கம்பெனி வரி விகிதம் பூஜ்யம் சதவீதம். நிதி நிறுவனங்களுக்குப் பொதுவாக 10 சதவீதம். உலகப் பெரும் நிறுவனங்களின் இலாபம் பூஜ்யம் வரியுள்ள தீவைத் தேடிப் போகும்போது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வர வேண்டிய வரி எங்கோ ஓரிடத்தில் குறைகிறது என்பதே என் உறுதியான எண்ணம். 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கு 2025 முதல் 15 சதவீத வரி விதிக்க ஜெர்சி முன்வந்தது. பிற நாடுகள் கூட்டாகக் கொடுத்த நெருக்குதல் இல்லாமல் அது நடந்திருக்காது.

அதே தீவின் நீதிமன்றம் செய்த இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர மேயராக இருந்த பாவ்லோ மலூஃப், ஒரு சாலைத் திட்டத்தில் பெற்ற கையூட்டு நியூயார்க் வங்கிக் கணக்கு ஒன்றின் வழியாக, டூரன்ட், கில்டேர் என்ற இரண்டு கம்பெனிகளின் ஜெர்சி வங்கிக் கணக்குகளுக்கு வந்தது. பிரேசில் குடியரசும் அந்த மாநகராட்சியும் ராயல் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தன. கையூட்டு மொத்தம் 1.05 கோடி டாலர். கம்பெனிகளின் வாதம் நுட்பமானது: ஜெர்சிக்கு வந்த தொகையில் ஒரு பகுதி, கடைசிக் கையூட்டுகள் நியூயார்க் கணக்கில் வந்து சேருவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டது, பின்னால் வந்த பணம் முன்னால் போன பணமாக எப்படி இருக்க முடியும்? ஏறத்தாழ 77 இலட்சம் டாலருக்கு மேல் நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ராயல் கோர்ட் 2012இல் இதை ஏற்கவில்லை. ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2015இல் பிரிவி கவுன்சிலும் ஏற்கவில்லை. பணம் வரப்போகிறது என்று தெரிந்தே முன்கூட்டிச் செலவழித்து, வந்ததும் சரிக்கட்டிக்கொள்ளும் திட்டம் ஒரே ஏற்பாட்டின் பகுதிதான். தேதிகளை மாற்றி அடுக்கியதால் ஊழல் பணம் தூய்மையாகிவிடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இன்று காமன்வெல்த் நாடுகளில் ஊழல் பணத்தைத் துரத்தும் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். நைஜீரியாவின் சர்வாதிகாரி சானி அபாச்சாவோடு தொடர்புடைய 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையும் ஜெர்சியில் முடக்கப்பட்டு, 2020இல் அந்நாட்டின் சாலை, பாலம் கட்டும் பணிகளுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது.

ஆனால் இரண்டு வழக்கிலும் அந்தப் பணம் முதலில் ஜெர்சி வங்கிக் கணக்குகளுக்குள் வர முடிந்தது. பிடித்ததற்குப் பாராட்டும்போது, உள்ளே விட்டவர்கள் யார் என்றும் கேட்கத்தான் வேண்டும். இன்றைய விதிகள் அன்றையவற்றைவிடக் கடுமையானவை. பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் டிரஸ்டி அதை ஏற்றால் குற்றம். ஐயம் எழுந்தால் நிதி உளவுப் பிரிவுக்குத் தெரிவிக்காமலிருப்பது குற்றம். தெரிவித்ததை வாடிக்கையாளருக்குச் சொல்வதும் குற்றம். கம்பெனிகளின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேட்டை ஆணையம் வைத்திருக்கிறது. பிற நாட்டு அதிகாரிகள் முறைப்படி கேட்டால் தருகிறது. அந்தப் பதிவேடு பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. அதைத் திறக்க வேண்டும் என்பது என் கருத்து: குடும்ப டிரஸ்டின் அந்தரங்கத்துக்கு நியாயம் உண்டு, வணிகம் செய்யும் கம்பெனியின் உரிமையாளர் முகம் மறைந்திருப்பதற்கு அப்படி ஒரு நியாயம் இல்லை.

வாசகி, சென்னை: சிங்கப்பூரில் இருந்து காலமான பெரியப்பா ஜெர்சி டிரஸ்டில் என்னையும் பயனாளியாகச் சேர்த்திருப்பதாக இப்போதுதான் கடிதம் வந்தது. இதுவரை ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நான் எதுவும் செய்ய வேண்டுமா?

வேண்டும். நீங்கள் இந்தியாவில் வசிப்பவராகவும் வரிச் சட்டப்படி சாதாரணக் குடியிருப்பாளராகவும் இருந்தால், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையில் வெளிநாட்டு டிரஸ்டுகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. டிரஸ்டி, பயனாளி, டிரஸ்டை ஏற்படுத்தியவர் ஆகிய மூவருமே அதை நிரப்ப வேண்டியவர்கள். மறைத்தால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 இலட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். கணக்கில் காட்டாத வெளிநாட்டுச் சொத்து என்று முடிவானால் 30 சதவீத வரியும் அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதமும் உண்டு. இந்தியாவும் ஜெர்சியும் 2011இல் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. கணக்கு விவரங்களைத் தாமாகவே அனுப்பிக்கொள்ளும் பன்னாட்டு முறையில் இரண்டும் 2017 முதல் இருக்கின்றன. நீங்கள் சொல்லாவிட்டாலும் விவரம் வந்து சேரும்.

டிரஸ்டிக்குக் கடிதம் எழுதி மூன்றைக் கேளுங்கள்: டிரஸ்ட் பத்திரத்தின் நகல், கடைசி ஆண்டுக் கணக்கு, நீங்கள் உறுதியான பங்கு உள்ள பயனாளியா அல்லது டிரஸ்டியின் விருப்பத்தைப் பொறுத்துப் பெறக்கூடியவரா என்ற விளக்கம். இந்த மூன்றாவதைப் பொறுத்துத்தான் வரி நிலை மாறும். அவை கைக்கு வந்தபின் வெளிநாட்டுச் சொத்து விவகாரங்களில் பழக்கமுள்ள ஆடிட்டரைப் பாருங்கள். கடிதத்தை அனுப்பியது உண்மையான டிரஸ்டிதானா என்பதை ஆணையத்தின் பட்டியலில் உறுதிசெய்துகொள்ளாமல், ஆதார், வங்கி விவரம் எதையும் அனுப்பிவிடாதீர்கள். முன்பணம் கேட்டால் அது மோசடிதான்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: நான் ஜெர்சியில் அட்வகேட் ஆக முடியுமா? என்ன படிக்க வேண்டும்?

முடியும், ஆனால் பாதை நீளமானது. ஜெர்சியில் இரண்டு வகை வழக்கறிஞர்கள் உண்டு. எல்லா நீதிமன்றங்களிலும் வாதாடும் உரிமை அட்வகேட்டுக்கு உண்டு. சொலிசிட்டருக்கு அது இல்லை. முன்பெல்லாம் நார்மண்டியில் உள்ள கான் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, நார்மன் சட்டம் படித்துச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. இப்போது செயின்ட் ஹீலியரிலேயே 2009 முதல் சட்டப் பயிலகம் இயங்குகிறது. அங்குதான் ஜெர்சித் தேர்வுகளுக்குப் பயிற்சி. தேர்வெழுதும் முன் இங்கிலாந்து போன்ற இடத்தின் தகுதியும், தீவின் சட்ட அலுவலகத்தில் வேலை அனுபவமும் வேண்டும். இந்தியப் பட்டதாரிக்கு நடைமுறையில் உள்ள வழி, இங்கிலாந்தின் சொலிசிட்டர் தகுதித் தேர்வை முதலில் முடித்து, பிறகு ஜெர்சி நிறுவனம் ஒன்றில் சேர்வது. பிரிட்டிஷ், அயர்லாந்துக் குடிமக்கள் அல்லாதவருக்கு வேலை அனுமதி தேவை. அதோடு, தீவின் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உங்களை வேலைக்கு எடுக்க நிறுவனத்துக்குத் தனி உரிமம் வேண்டியிருக்கும், வீடு வாடகைக்கு எடுக்கும் உரிமையும் அதைப் பொறுத்தே அமையும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ராயல் கோர்ட்டின் தீர்ப்புகளும் தீவின் சட்டங்களும் ஜெர்சிச் சட்டத் தகவல் வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் 1882ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஜெர்சியின் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்துப் பாருங்கள். டிரஸ்டியின் கடமைகள் இரண்டிலும் எவ்வளவு நெருங்கி வருகின்றன, டிரஸ்டை ஏற்படுத்தியவருக்கு ஜெர்சி எங்கே கூடுதல் இடம் தருகிறது என்பது அப்போது தெரியும். அதன்பிறகு எஸ்டீம் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். நீளமானதுதான், ஆனால் டிரஸ்டி ஒவ்வொரு கோரிக்கையையும் எப்படி ஆராய்ந்தது என்பதை நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் பக்கங்களில், பாடநூலில் கிடைக்காத பயிற்சி இருக்கிறது.